கெப் வண்டியில் தங்கிப் பயணம்: பூட்டுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள்

கெப் வண்டியின் பின்பெட்டியில் படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கூரையில் கூடாரம் என்று பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நாடு சுற்றும் ஆசை இப்போது எமது வியாபாரிகள் மத்தியிலும் பரவி வருகிறது. கடையில் நிற்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் அவுஸ்திரேலியாக்காரனின் வண்டியைக் காட்டி, “வாப்பா, எங்கட கெப்பையும் இப்படிச் செய்வோமே” என்கிறார்கள். ஆசையில் பிழை ஒன்றுமில்லை. உழைத்தவன் பிள்ளை குட்டிகளோடு நான்கு நாள் வெளியே போய் வருவது நல்ல விடயமே. ஆனால் வியாபாரியின் கெப் என்பது கடையின் ஒரு கை. அதனை வெட்டி ஒட்டுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதுவும் பெரும் வரிகளோடு. எனவே கையில் இருக்கும் வண்டியைக் கெடுத்துக்கொண்டால் அதேபோல் இன்னொன்றை வாங்குவது இலேசான காரியமல்ல. ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் ஒரு விடயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லி வருகிறேன். பூட்டுவது வேறு, ஏற்றுவது வேறு. பயணச் சாமான்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் ஏற்றி, அரை மணி நேரத்தில் இறக்கக் கூடியவையாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வீடாக இருக்கும் வண்டி திங்கட்கிழமை லொறியாக வேண்டும்.

தவளத்திலிருந்து கெப் வரை

வண்டியில் தங்கி ஊர் ஊராகப் போவது எமக்குப் புதிய பழக்கமல்ல. கண்டி இராச்சியக் காலத்தில் முஸ்லிம் வியாபாரிகள் பொதி மாடுகளில் உப்பு, கருவாடு, புடவை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், பாக்கும் மிளகும் ஏற்றி வந்தார்கள். அதற்குத் தவளம் என்று பெயர். வழியில் சமைத்தார்கள், வழியில் படுத்தார்கள். ஆனால் மாட்டின் முதுகில் இடம் முதலில் சரக்குக்கு, மிச்சம்தான் தங்களுக்கு.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். ‘ஓவர்லேண்டர்’ என்று அவுஸ்திரேலியாவில் முதலில் அழைக்கப்பட்டவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர், மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்ற தொழிலாளிகள். 1948இல் அறிமுகமான லேண்ட்ரோவர் வண்டியும் விவசாயிகளின் வேலைக்கென்றே உருவாக்கப்பட்டது. 1955இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனில் புறப்பட்டு 1956இல் தரை வழியாகச் சிங்கப்பூரை அடைந்த பிறகுதான் இந்த வகைப் பயணம் உலகெங்கும் பேசப்பட்டது. உழைக்கும் வண்டி முதலில், உல்லாசம் அதற்குப் பிறகு என்பதே இதன் வரிசை.

எமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் தெற்கிலிருந்து நயினாதீவு நாகதீப விகாரைக்கு யாத்திரிகர்கள் பெருந்தொகையாக ஏ-9 வீதியால் வரத் தொடங்கினார்கள். பஸ்ஸிலும் வேனிலும் லொறியிலும் சட்டி பானை, அரிசி, விறகு, பாய் எல்லாம் வந்தன. வீதியோரத்தில் இறக்கிச் சமைத்து, சாப்பிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த லொறிகள் அடுத்த நாள் வழமைபோல மரக்கறி ஏற்றப் போயிருக்கும். ஒரு வண்டியிலாவது ஆணி அடித்துப் பூட்டிய சாமான் இருந்திருக்காது.

நிறைக் கணக்கு

வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வெற்று நிறை என்று ஒரு இலக்கமும் மொத்த நிறை என்று ஒரு இலக்கமும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக் கூடிய பாரம். அதற்குள் ஆட்களும் அடக்கம் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மொத்த நிறை 2,800 கிலோ, வெற்று நிறை 1,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 900 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேருக்கு 280. பின்பெட்டிக்கு மேல் பூட்டும் பைபர் மூடி 60. படுக்கைப் பலகையும் இழுப்பறைகளும் 80. தண்ணீர் 60 லீற்றர், கேனோடு 65. பிரிட்ஜும் சாப்பாட்டுச் சாமானும் 40. பெட்டரி, சோலார் பலகை, வயர் 30. கேஸ், அடுப்பு, சட்டி பானை 15. ஜேக், மண்வெட்டி, கயிறு, காற்றடிக்கும் பம்ப் 40. உடுப்பு, பாய், தலையணை 40. கூட்டிப் பார்த்தால் 650 கிலோ. மிச்சம் 250 கிலோ.

இப்போது கைத்தொலைபேசியில் பார்த்த இரும்புச் சாமான்களுக்கு வருவோம். கூரைக் கூடாரம் 60, கூரைத் தட்டு 30, இரும்பு பம்பர் 60, முன்னால் பூட்டும் வின்ச் 30, இரண்டாவது ஸ்பெயார் சக்கரம் 30, இருபது லீற்றர் டீசல் கேன் இரண்டு 42. மொத்தம் 252 கிலோ. அதாவது மிச்சம் இருந்ததை முழுவதும் விழுங்கி, இரண்டு கிலோ கடனும் வைத்து விட்டது!

அந்த 250 கிலோவை வியாபாரியின் கண்ணால் பாருங்கள். ஐம்பது கிலோ மூட்டை ஐந்து. தீவுப்பகுதியிலிருந்து திரும்பும்போது கருவாடு, ஒடியல், பனங்கட்டி என்று ஐந்து மூட்டை ஏற்றி வந்தால் பயணத்தின் டீசல் செலவு அதிலேயே வந்து விடும். இரும்பைப் பூட்டியவன் வெறுங்கையோடு வர வேண்டியதுதான்.

சரி, அந்த இரும்பு தேவையா? இலங்கையின் நீளமே ஏறத்தாழ 432 கிலோமீற்றர். எண்பது லீற்றர் தாங்கி கொண்ட கெப், லீற்றருக்குப் பத்து கிலோமீற்றர் ஓடினாலும் 800 கிலோமீற்றர் போகும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் எரிபொருள் நிலையங்கள் இருக்கின்றன. இரண்டு நாள் ஓடினாலும் ஒரு மனிதனைக் காணாத அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்குத் தேவையான கேனை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டபள் கெப்பின் பின்பெட்டியில் பாதி, பின் சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்டு நிற்கிறது. அங்கே பாரம் கூடினால் முன்பக்கம் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அவுஸ்திரேலியாவில் கூடுதல் பாரம் ஏற்றிய டபள் கெப்களின் செஸி நடுவே வளைந்து போன சம்பவங்கள் நிறைய உண்டு. பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகப் பட்டை போட்டால் வண்டியின் பின்புறம் நிமிரும், ஆனால் செஸியும் பிரேக்கும் பழையவைதான். ஸ்பிரிங் மாற்றியதால் மொத்த நிறை எல்லை கூடி விடாது. தண்ணீர், பெட்டரி போன்ற பாரமானவை கெபினுக்கு நெருக்கமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். கூரைக்கு மேல் போவது பாயும் தலையணையும் போன்ற இலேசானவையாக இருக்கட்டும்.

எல்லாம் ஏற்றி, ஆட்களும் ஏறி, நெல் ஆலையிலோ பழைய இரும்புக் கடையிலோ உள்ள லொறித் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சிறு தொகைதான் செலவு. இதைவிட மலிவான காப்புறுதி வேறில்லை.

கழற்றக் கூடிய பெட்டி

டபள் கெப்பின் பின்பெட்டி நீளம் ஏறத்தாழ ஐந்து அடி. கதவை மூடிக்கொண்டு வளர்ந்த மனிதன் கால் நீட்டிப் படுக்க முடியாது. கதவைத் திறந்து விட்டு, மேலே படங்குத் துணி கட்டினால்தான் சரிவரும். வியாபாரிகள் வைத்திருக்கும் சிங்கிள் கெப்பின் பின்பெட்டியோ ஏழு அடிக்கு மேல். படுப்பதற்கு அதுதான் வசதி. நாகரிகமான வண்டி வேண்டும் என்று சிங்கிள் கெப்பை விற்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பெட்டி செய்யும் தச்சரிடம் 18 மில்லிமீற்றர் பிளைவூட் வேண்டாம் என்று சொல்லுங்கள். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். 12 மில்லிமீற்றர் பலகை அதில் மூன்றில் இரண்டு பங்கு நிறைதான். குறுக்குச் சட்டம் சரியாகக் கொடுத்தால் படுக்கைக்குத் தாராளமாகத் தாங்கும். முழுப் பெட்டியையும் ஒன்றாகச் செய்யாமல் இருவர் தூக்கக் கூடிய மூன்று துண்டுகளாகச் செய்து, வண்டியில் ஏற்கனவே உள்ள கயிறு கட்டும் கொக்கிகளில் இறுக்குங்கள். உடம்பில் புதிதாகத் துளை போட வேண்டாம். துளை போட்ட இடத்தில்தான் துரு தொடங்கும்.

மின்சாரம்

பலர் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். முதலில் ஒரு நாள் தேவையை எழுதுங்கள். 45 வோட்ஸ் சிறிய பிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் 540 வோட் மணி. 20 வோட்ஸ் மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 160. விளக்கு 50, கைத்தொலைபேசிகள் 50. மொத்தம் 800.

நூறு அம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் ஈய பெட்டரியில் 1,200 வோட் மணி இருக்கும். அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பெட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே 600தான் கணக்கு. அது போதாது. அதே அளவு லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் 1,100க்கு மேல் எடுக்கலாம். நிறையும் பாதிக்குக் குறைவு. ஆனால் விலை அதிகம். 200 வோட்ஸ் சோலார் பலகை வடக்கின் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 700 வோட் மணி தரும். அதோடு வண்டி ஓடும்போது கிடைப்பதும் சேர்ந்தால் சரி.

இவ்வளவு செலவு செய்யாமல் இன்னொரு வழி இருக்கிறது. மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டால் இரண்டு நாள் கறியும் பாலும் பழுதாகாது. பிரிட்ஜை விட்டு விட்டால் தேவை 260 வோட் மணிதான். சாதாரண ஈய பெட்டரி ஒன்று இரண்டு இரவுக்குப் போதும். எந்த வழியாக இருந்தாலும் இரண்டு விடயங்களை விட்டு விடாதீர்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் பெட்டரி தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டரியின் நேர் முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். வயர் உராய்ந்து செஸியில் பட்டால் தீப்பிடிப்பதைத் தடுப்பது அந்த பியூஸ் மட்டுமே.

தண்ணீர், அடுப்பு, தூக்கம்

குடிக்க, சமைக்க, முகம் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு லீற்றர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கு 56. அறுபது லீற்றரை ஒரே தாங்கியில் வைக்காமல் இருபது லீற்றர் கேன் மூன்றில் வைத்தால், ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும், காலியானதை இறக்கி நிரப்பவும் இலகு. வுழூச் செய்ய ஒரு ‘முத்து’ அளவு, அதாவது ஒரு லீற்றருக்கும் குறைந்த தண்ணீர் நபியவர்களுக்குப் போதுமாக இருந்தது என்பதை ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். குழாயைத் திறந்து விட்டுப் பழகிய எமக்குப் பயணம் அந்தச் சிக்கனத்தைக் கற்றுத் தரும்.

கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் கீழே தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் தட்டின் அடிப்பக்கத்தில் காற்றோட்டம் வேண்டும். சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே. மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிப்பதும், ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டு உள்ளே தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை, தூங்குபவன் எழும்ப மாட்டான். அதேபோல் வண்டி ஓடும்போது பின்பெட்டிப் படுக்கையில் பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள். அது நிறுத்திய பிறகு படுக்கும் இடம். பெண்கள் வரும் பயணமானால் கழிப்பறை வசதியை முதலில் தீர்மானித்து விட்டுத்தான் தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

மண்டைதீவில் ஒரு பரீட்சை

இவ்வளவும் செய்த பிறகு நெடும்பயணம் போவதற்கு முன், ஒரு இரவாவது பரீட்சித்துப் பார்க்க வேண்டும். வடக்குப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் மண்டைதீவு. யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டிப் பண்ணையில் கடல்நீரேரியின் குறுக்கே போகும் வீதியில் ஏறினால் முதலில் வரும் தீவு அதுதான். கராஜும் ஆஸ்பத்திரியும் உள்ள நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே வேளையில் கடற்கரையில் ஒரு வண்டி சந்திக்கும் கஷ்டங்கள் எல்லாம் அங்கே உண்டு. நான் தீவுப்பகுதிக் கடைகளுக்கு ஹார்ட்வெயார் சாமான் கொண்டு போகும்போது அந்த வழியால்தான் போய் வருகிறேன்.

முதலாவது கஷ்டம் உப்பு. நீரேரிக் காற்றில் சாதாரண இரும்பு ஆணி சில மாதங்களில் சிவந்து விடும். துருப்பிடிக்காத எஃகு ஆணி போடுங்கள். அதையும் அலுமினியத்தில் நேரடியாகப் பூட்டினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும். இடையில் நைலோன் வொஷர் போட வேண்டும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இரண்டாவது மணலும் சேறும். மணலில் டயர்க் காற்றை இருபது பீஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் வின்ச் தேவைப்படாது. தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். நீரேரி ஓரத்தில் காய்ந்து வெடித்த தரை கல்லுப் போலத் தெரியும், கீழே சேறு இருக்கும். அங்கே வண்டியை இறக்க வேண்டாம். கண்டல் செடிகள் மேல் ஏற்றுவதும் கூடாது. மீனவர்களின் இறாலும் நண்டும் வளரும் இடம் அது.

மூன்றாவது காற்று. சோளகக் காலத்தில் தீவுகளில் காற்று பலமாக வீசும். வண்டியின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தி, படங்கைப் பின்னால் தாழ்வாகக் கட்ட வேண்டும்.

நான்காவது தண்ணீர். இந்தத் தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர் நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. அதிகம் இறைத்தால் கிணறு உவர்த்து விடும். கேன்களை யாழ்ப்பாண நகரிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். ஊராரின் கிணற்றில் வண்டி கழுவப் போகாதீர்கள்.

தங்குவதற்கு முன் காணிக்காரரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காணி என்று ஒன்றில்லை, எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. வடக்கில் முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடிவடையவில்லை. எனவே ஏ-9 வழியில் அறியாத பற்றைக்குள் வண்டியை விட வேண்டாம்.

மண்டைதீவு தாண்டி அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை வண்டி போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பயணிகள் படகில்தான் போக வேண்டும். வண்டி இறங்குதுறையில் நிற்கும். ஆகவே பின்பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், பெறுமதியான சாமான் ஒரே பையில் கையோடு வர வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

வண்டியின் வடிவத்தையோ நிறையையோ மாற்றும் வேலை எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் முன்கூட்டியே விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய அலங்காரப் பொருட்களைப் பொலிஸார் கழற்ற வைத்ததை எல்லோரும் பார்த்தோம். விபத்து நடந்த பிறகு, “இந்தப் பாரம் பதிவில் இல்லையே” என்று மதிப்பீட்டாளர் கேட்டால் எமது பக்கம் பேச்சு இருக்காது. இறக்கக் கூடிய சாமான் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் சுமைதான். கட்டு இறுக்கமாகவும் நிறை எல்லைக்குள்ளும் இருந்தால் கேள்வி குறைவு.

செலவின் வரிசை

கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் டயர், பிரேக், குளிரூட்டி நீர்க் குழாய்கள். பிறகு தண்ணீர்க் கேனும் படுக்கைப் பலகையும். அதன் பின்னர் மழைக்கு மூடி. கடைசியில்தான் மின்சாரம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தொடாமல் திரும்பி வந்த சாமான்களை எழுதி வையுங்கள். மூன்று பயணத்தில் தொடாத பொருளை இறக்கி விடலாம், ஸ்பெயார் சக்கரமும் மருந்துப் பெட்டியும் தீயணைக்கும் சிலிண்டரும் நீங்கலாக.

இதில் வியாபாரமும் இருக்கிறது. மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. அது பூர்த்தியாகும் காலத்தில் தீவுப்பகுதிக்கு வருவோர் கூடுவர், தங்குமிடம் தேடுவோரும் கூடுவர். வண்டியோடு பூட்டிய வீட்டை விற்க வேண்டுமானால் வண்டியையே விற்க வேண்டும். கழற்றக் கூடிய பெட்டியையோ வாடகைக்குக் கொடுக்கலாம், விற்கலாம், தச்சரிடம் சொல்லி இன்னும் இரண்டு செய்விக்கலாம். வண்டி அதுபாட்டுக்குக் கடைக்கு உழைத்துக்கொண்டிருக்கும். பணத்தை இரும்பில் முடக்குவதா, புரள விடுவதா என்ற கேள்விக்கு வியாபாரிகளான உங்களுக்கு நான் விடை சொல்லித் தரத் தேவையில்லை.